எக்ஸிகியூட்டிவ் எம்பிஏவுக்கு இஏ தேர்வு: எடுக்கலாமா, எவ்வளவு வாங்கினால் போதும்?

பத்துப் பன்னிரண்டு வருடம் வேலை பார்த்த பிறகு, வேலையை விடாமலே படிக்கும் எக்ஸிகியூட்டிவ் எம்பிஏ பக்கம் திரும்புகிறவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது, "எத்தனை மார்க் எடுத்தால் சீட் கிடைக்கும்?" என்பதைத்தான். முழுநேர எம்பிஏவைப் பற்றிக் கேட்டுக் கேட்டுப் பழகிப்போன கேள்வி இது. எக்ஸிகியூட்டிவ் படிப்பில் மதிப்பெண்ணுக்கு வேறு வேலை. அங்கே அது உங்களை வரிசையில் முன்னே நகர்த்துவதைவிட, உங்கள் விண்ணப்பக் கோப்பில் இருக்கும் ஒரு சந்தேகத்தைத் தீர்ப்பதற்கே அதிகம் பயன்படுகிறது. முதல் பருவத்தில் வரும் கணக்கியல், புள்ளியியல், நிதி ஆகிய மூன்றையும் வேலைக்கு நடுவே இவரால் தாக்குப்பிடிக்க முடியுமா என்பதுதான் அந்தச் சந்தேகம்.

இதற்கு ஒரு காரணம் உண்டு. அமெரிக்காவில் யுஎஸ் நியூஸ் வெளியிடும் முழுநேர எம்பிஏ தரவரிசையில், சேர்ந்த மாணவர்களின் ஜிமேட், ஜிஆர்இ நுழைவுத் தேர்வு மதிப்பெண்களும் கணக்கில் சேர்கின்றன. அதனால் மதிப்பெண் கூடிய மாணவர் என்றால் வணிகப் பள்ளிக்கே நேரடி லாபம். ஃபைனான்ஷியல் டைம்ஸின் எக்ஸிகியூட்டிவ் எம்பிஏ பட்டியல் அப்படி இல்லை. சம்பளம், பதவி உயர்வு, பணி அனுபவம், ஆய்வு என்று போகும் அதன் அளவுகோல்களில் நுழைவுத் தேர்வுக்கு இடமே கிடையாது. சராசரியை உயர்த்திக் காட்டியாக வேண்டிய நெருக்கடி இல்லாத இடத்தில், சேர்க்கைக் குழு மதிப்பெண்ணை ஒரு குறைந்தபட்சக் கோடாகவே வைத்துக்கொள்கிறது. கோட்டைத் தாண்டியவரின் கோப்பில் அடுத்துப் பார்ப்பது பொறுப்பு, குழுவை நடத்திய அனுபவம், நிறுவனத்தின் ஆதரவுக் கடிதம், நேர்முகம் ஆகியவற்றைத்தான்.

இந்தத் தேவைக்கென்றே செய்யப்பட்ட தேர்வுதான் எக்ஸிகியூட்டிவ் அசெஸ்மென்ட், சுருக்கமாக இஏ. ஜிமேட்டை நடத்தும் ஜிமேக் அமைப்பு இதை 2016-ல் கொண்டுவந்தது. உருவாக்கும்போது உடனிருந்த பள்ளிகள் ஆறு: இன்சியாட், லண்டன் பிசினஸ் ஸ்கூல், கொலம்பியா, சிகாகோ பூத், சீபிஸ், ஹாங்காங் பல்கலைக்கழகம். அதன் பிறகு ஏற்கும் பள்ளிகள் பெருகிவிட்டன. இணையவழியில் வீட்டிலிருந்தே எழுதும் வசதி 2020-ல் வந்தது.

மொத்தம் 90 நிமிடம், 40 கேள்விகள். முதலில் இன்டக்ரேட்டட் ரீசனிங் எனும் ஐஆர் (தரவுகளைச் சேர்த்துப் படித்து முடிவுக்கு வருவது), 12 கேள்வி. அடுத்து வெர்பல் (ஆங்கில வாசிப்பும் தர்க்கமும்) 14, கடைசியில் குவான்ட் (கணக்கு) 14. ஒவ்வொன்றுக்கும் 30 நிமிடம். கட்டுரை எழுதும் பகுதி இல்லை. இந்த வரிசையை மாற்றவும் முடியாது. ஜிமேட்டில் எந்தப் பகுதி முதலில் என்பதை நீங்களே தேர்ந்துகொள்ளலாம். இங்கே அந்தச் சலுகை கிடையாது. குவான்ட்தான் பலவீனம் என்றால், ஒரு மணி நேரம் மூளையைக் கசக்கிய பிறகே அதைத் தொடுவீர்கள். பயிற்சியையும் அதே வரிசையில் செய்யவேண்டும் என்பதற்கு இதுவே போதுமான காரணம்.

மதிப்பெண் போடும் விதம்

பகுதி ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 20 வரை மதிப்பெண். மொத்த அளவுகோல் பெயரளவில் 100 முதல் 200. மூன்று பகுதி மதிப்பெண்களையும் கூட்டி அதோடு 120 சேர்த்தால் வருவதுதான் மொத்தம். பத்து, பத்து, பத்து வாங்கியவருக்கு 150. சேர்க்கை அலுவலகங்களின் பேச்சில் அதிகம் அடிபடும் எண்ணும் அந்த 150-தான். அதற்கு மேல் என்றால் பெரும்பாலான பள்ளிகளில் மதிப்பெண் ஒரு பேச்சாக இருக்காது. சற்றுக் கீழே என்றால் கோப்பின் மற்ற பகுதிகளைக் கூடுதல் கவனத்தோடு படிப்பார்கள்.

மூன்று பகுதிகளுக்கும் சம எடை என்பதை மனதில் நன்றாகப் பதித்துக்கொள்ளுங்கள். பழைய ஜிமேட்டில் ஐஆர் மதிப்பெண் தனியாக நிற்கும், மொத்தத்தில் சேராது. அந்தப் பழைய ஞாபகத்தில் இங்கேயும் ஐஆரை ஒப்புக்குச் செய்கிறவர்கள் மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கைக் கைவிடுகிறார்கள். இழப்பு அதோடு நிற்பதும் இல்லை. ஐஆரில் நீங்கள் செய்ததை வைத்தே வெர்பல், குவான்ட் இரண்டின் முதல் கேள்வித் தொகுப்பு எவ்வளவு கடினம் என்பது முடிவாகிறது. தேர்வு தொடங்கிய முதல் பத்து நிமிடத்தில் பதற்றம் தொற்றிக்கொண்டால் அதன் விளைவு கடைசிப் பகுதிவரை நீளும்.

மொத்தம் ஒன்றாகவே இருந்தாலும் கோப்பைப் படிப்பவருக்கு எல்லா 150-ம் ஒன்றல்ல. ஐஆர் 13, வெர்பல் 12, குவான்ட் 5 என்றாலும் கூட்டு 30, மொத்தம் 150. மூன்றிலும் பத்து வாங்கியவருக்கும் அதே 150. கல்லூரியில் கணக்குப் பாடமே படிக்காத, இப்போது மனிதவளத்திலோ விளம்பரத்திலோ இருக்கும் ஒருவர் அந்த 5-ஐ அனுப்பினால், குழுவுக்கு இருந்த சந்தேகம் உறுதியாகிவிடும். பொறியியல் படித்து நிதித் துறையில் இருப்பவர் அதையே அனுப்பினால் அவருடைய கல்லூரி மதிப்பெண் பட்டியலும் வேலையும் ஓரளவு ஈடுகட்டும். ஆகவே குறி வைக்கும்போது மொத்தத்தை மட்டும் குறி வைக்காதீர்கள். உங்கள் கோப்பில் எந்த இடம் வெறுமையாக இருக்கிறதோ அந்தப் பகுதியின் மதிப்பெண் உயரவேண்டும்.

இந்தத் தேர்வின் உண்மையான குறையும் இங்கேதான் இருக்கிறது. ஒரு பகுதிக்கு 12 அல்லது 14 கேள்வி என்பது மிகக் குறைவு. ஜிமேட்டில் மொத்தம் 64. கேள்விகள் குறையக் குறைய, கவனக்குறைவால் போகும் இரண்டு விடைகளின் பாதிப்பு கூடும். நீண்ட தேர்வில் ஒரு தடுமாற்றத்தைப் பிறகு சரிக்கட்டலாம், இதில் அவகாசம் போதாது. குறுகிய தேர்வு என்பதால் சுலபமான தேர்வு என்று எடுத்துக்கொண்டு வருகிறவர்கள் இந்த இடத்தில்தான் அடிபடுகிறார்கள்.

உள்ளே என்ன நடக்கிறது

கேள்விகள் தொகுப்பு தொகுப்பாக வரும். ஐஆரில் ஆறு ஆறாக இரண்டு, வெர்பலிலும் குவான்ட்டிலும் ஏழு ஏழாக இரண்டு. ஒரு தொகுப்புக்குள் முன்னும் பின்னும் போகலாம், விடையை மாற்றலாம். தொகுப்பை முடித்து அடுத்ததற்குள் நுழைந்துவிட்டால் திரும்ப வழியில்லை. முதல் தொகுப்பில் எப்படிச் செய்தீர்களோ அதைப் பொறுத்து இரண்டாவது தொகுப்பு கடினமாகவோ எளிதாகவோ அமையும். கடினமான தொகுப்பு வந்தால் பயப்பட ஒன்றுமில்லை, அது நல்ல அறிகுறி.

நேரக் கணக்கு இப்படி வரும்: ஐஆருக்குக் கேள்விக்கு இரண்டரை நிமிடம், மற்ற இரண்டுக்கும் இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேல். அதிகம் நடக்கும் விபத்து, முதல் தொகுப்பில் இருபது நிமிடத்தைக் கரைத்துவிட்டு இரண்டாவதில் கண்ணை மூடிக்கொண்டு விடை குறிப்பது. 15 நிமிடம் தாண்டியதும் முதல் தொகுப்பை முடித்துவிடவேண்டும் என்பதைக் கண்டிப்பான விதியாக வைத்துக்கொள்ளுங்கள். எந்தக் கேள்வியையும் வெறுமையாக விடக்கூடாது. முதல் சுற்றில் உடனே வழி தெரியாத கேள்விக்கு ஏதோ ஒரு விடையைக் குறித்து, அடையாளமும் வைத்துவிட்டு நகருங்கள். நேரம் மிஞ்சினால் திரும்பி வரலாம்.

ஐஆரில் அட்டவணை, வரைபடம், இரண்டு மூன்று ஆவணங்களைச் சேர்த்துப் படிக்கும் கேள்வி, இரண்டு பகுதி விடை கேட்கும் கேள்வி ஆகியவை வரும். திரையில் கால்குலேட்டர் இருப்பது இந்தப் பகுதியில் மட்டும்தான். அலுவலகத்தில் தினமும் எக்செல் பார்ப்பவர்களுக்கு இது பழக்கமான வேலை என்றாலும், சில கேள்விகளில் இரண்டு மூன்று உட்கேள்விகள் இருக்கும். எல்லாம் சரியாக இருந்தால்தான் மதிப்பெண், பாதி சரி என்பதற்குப் பலன் இல்லை. அதனால் மூன்று உட்கேள்வியில் ஒன்று பிடிபடவே இல்லை என்றால் அதில் நான்கு நிமிடம் செலவழிப்பது நஷ்டம்.

குவான்ட்டில் கால்குலேட்டர் இல்லை. எண்கணிதமும் அடிப்படை இயற்கணிதமும்தான் பாடத்திட்டம். சதவீதம், விகிதம், வேகம், வட்டி, எண்களின் பண்புகள், சமன்பாடுகள் ஆகியவற்றைப் பள்ளியில் விட்ட இடத்திலிருந்து தூசி தட்டினால் போதும். பல வருடம் கணக்கைக் கையால் போடாதவர்களுக்கு இடறுவது பாடம் அல்ல, வேகம். 25 சதவீதம் உயர்ந்த விலை பழைய நிலைக்கு வர 20 சதவீதம் குறைந்தால் போதும் என்பது சட்டென்று தெரியவேண்டும். எழுதிப் பார்த்துக் கண்டுபிடித்தால் நேரம் போய்விடும்.

டேட்டா சஃபிஷியன்சி என்ற வகைக்குத் தனிப் பயிற்சி வேண்டும். ஒரு கேள்வியும் இரண்டு தகவல்களும் தருவார்கள். விடையைக் கேட்கமாட்டார்கள், விடை காண அந்தத் தகவல் போதுமா என்பதே கேள்வி. உதாரணமாக: ஒரு நிறுவனத்தின் லாபம் போன வருடத்தைவிட எத்தனை சதவீதம் கூடியது? முதல் தகவல், விற்பனை 20 சதவீதம் கூடியது. இரண்டாவது தகவல், இரண்டு வருடமும் லாபம் விற்பனையில் 8 சதவீதம். முதல் தகவலை மட்டும் வைத்து ஒன்றும் சொல்லமுடியாது, செலவு எப்படி மாறியது என்று தெரியாது. இரண்டாவதை மட்டும் வைத்தும் முடியாது. சேர்த்துப் பார்த்தால் லாபமும் அதே 20 சதவீதம் கூடியிருக்கிறது, ஆகவே இரண்டும் சேர்ந்தால் போதும். இதில் விற்பனைத் தொகை தெரியவில்லையே என்று தேடிக்கொண்டிருப்பவர் நேரத்தை இழப்பார். "விற்பனை கூடினால் லாபமும் கூடத்தானே செய்யும்" என்று முதல் தகவலோடு நிறுத்துகிறவர் மதிப்பெண்ணை இழப்பார்.

அந்த இரண்டாவது தவறு அனுபவசாலிகளுக்கே உரியது. வெர்பலில் வரும், வாதங்களை எடைபோடும் கிரிட்டிக்கல் ரீசனிங்கிலும் அதேதான் நடக்கிறது. கேள்வியில் ஒரு நிறுவனம் விலையைக் குறைக்க முடிவெடுக்கும். அந்த வாதத்தை எது பலவீனப்படுத்துகிறது என்று கேட்பார்கள். இருபது வருடம் விற்பனையில் இருந்தவருக்கு நான்கு விடைகள் நியாயமாகத் தெரியும், ஏனென்றால் நிஜத்தில் நான்கும் நடக்கக்கூடியவைதான். கேள்வியின் பத்தியில் உள்ள முடிவுக்கும் அதற்குத் தரப்பட்ட காரணத்துக்கும் நடுவே இருக்கும் இடைவெளியை எந்த விடை தொடுகிறதோ அதுவே சரி. உங்கள் துறை அறிவை ஒதுக்கிவைத்துப் படிக்கப் பழகுவதுதான் இங்கே பயிற்சி. ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தால் மட்டும் இது வந்துவிடாது. இன்னொன்று, வெர்பல் மதிப்பெண் நன்றாக இருந்தாலும் டோஃபல், ஐஇஎல்டிஎஸ் போன்ற ஆங்கிலத் தேர்வு கேட்கும் பள்ளியில் அதைத் தனியாகக் கொடுக்கத்தான் வேண்டும். அவை இரண்டு வருடம்தான் செல்லும், இஏ ஐந்து வருடம் செல்லும். தேதிகளை அதற்கேற்பப் பொருத்திக்கொள்ளுங்கள்.

ஜிமேட், ஜிஆர்இ எப்போது?

இஏவை எடுக்கவேண்டாம் என்று சொல்லக்கூடிய சூழ்நிலைகளும் உண்டு. முழுநேர எம்பிஏ அல்லது ஒரு வருடப் படிப்பு என்ற யோசனை மனதின் ஓரத்தில் இருந்தால்கூட ஜிமேட்டோ ஜிஆர்இயோதான் பாதுகாப்பு. இஏவை ஏற்கும் முழுநேரப் படிப்புகள் இருக்கின்றன, ஆனால் எல்லா இடத்திலும் இல்லை. பள்ளி ஒன்றாக இருந்தாலும் பட்டத்துக்குப் பட்டம் ஏற்கும் தேர்வு மாறும். விண்ணப்பிக்கும் படிப்பின் பக்கத்தையே திறந்து பாருங்கள், பள்ளியின் பொதுப் பக்கத்தை நம்பாதீர்கள். இன்சியாட் தன் எக்ஸிகியூட்டிவ் படிப்புக்குச் சொந்தத் தேர்வு ஒன்றையும் வைத்திருக்கிறது. அங்கே மட்டும் விண்ணப்பிப்பவர் அதையும் கணக்கில் எடுக்கலாம், மற்ற பள்ளிகளுக்கு அது உதவாது.

2023 நவம்பரில் வந்த புதிய ஜிமேட் 2 மணி 15 நிமிடம், மூன்று பகுதிகள், ஒவ்வொன்றும் 45 நிமிடம். மதிப்பெண் 205 முதல் 805 வரை. எல்லா மொத்தமும் 5-ல் முடியும். பழைய 200–800 அளவோடு இதை நேராக ஒப்பிடக்கூடாது. புதிய 645, பழைய 700-க்கு இணையாக வைக்கப்படுகிறது. பழைய அளவில் பேசும் நண்பர் "650 குறைவு" என்று சொன்னால் அது புதிய 655-க்குப் பொருந்தாது. இந்தக் குழப்பத்தால் தேவையில்லாமல் மறுபடி எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அதேபோல இஏ பெர்சன்டைலையும் ஜிமேட் பெர்சன்டைலையும் அருகருகே வைத்துப் பார்க்காதீர்கள். இஏ எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அனுபவசாலிகள், ஜிமேட் எழுதுகிறவர்களில் இளையவர்கள் நிறைய. இரண்டு வேறு கூட்டம்.

ஜிஆர்இ 2023 செப்டம்பர் முதல் 1 மணி 58 நிமிடமாகக் குறைந்துவிட்டது. இரண்டு பகுதிகளுக்கும் 130 முதல் 170 வரை. கணக்குப் பகுதியில் கால்குலேட்டர் உண்டு, ஆனால் வடிவியலும் உண்டு. அருஞ்சொற்கள் தெரிந்திருக்கவேண்டும், கட்டுரையும் எழுதவேண்டும். பல தடவை எழுதி, எதை அனுப்புவது என்று நீங்களே தேர்ந்துகொள்ளலாம் என்பது அதன் பெரிய வசதி. ஏற்கெனவே ஐந்து வருடத்துக்குள் எழுதிய நல்ல ஜிஆர்இ மதிப்பெண் கையில் இருந்தால் புதிதாக எதுவும் எழுதவேண்டாம்.

விலக்கு

2020 தொற்றுக் காலத்துக்குப் பிறகு தேர்வு விலக்கு தரும் பள்ளிகள் கூடின. தேர்வே கேட்காத எக்ஸிகியூட்டிவ் படிப்புகளும் நல்ல பள்ளிகளில் இருக்கின்றன. கேட்டுப் பெறவேண்டிய இடத்தில், விலக்குக்குக் காரணமாகக் காட்டவேண்டியது வருடக் கணக்கை அல்ல, எண்களோடு வேலை செய்த ஆதாரத்தை. பட்டயக் கணக்காளர், சிஎஃப்ஏ போன்ற தகுதிகள், பொறியியல் அல்லது கணித முதுகலை, லாப நஷ்டப் பொறுப்பு, பட்ஜெட் தொகை, நீங்களே உருவாக்கிய மதிப்பீட்டு மாதிரிகள். "15 வருட அனுபவம்" என்று மட்டும் எழுதிய கோரிக்கைதான் பெரும்பாலும் திரும்பி வரும். அனுபவம் அந்த வகுப்பில் எல்லோருக்கும் இருக்கிறது.

விலக்குக் கோரிக்கையை விண்ணப்பக் கடைசித் தேதிக்குக் குறைந்தது பத்து வாரம் முன்னால் அனுப்புங்கள். மறுத்துவிட்டால் படித்து எழுத அவகாசம் வேண்டும். கோரிக்கையோடு கல்லூரி மதிப்பெண் பட்டியலும் போகும். அதில் கணக்குப் பாடங்களில் குறைவான மதிப்பெண் இருந்தால் விலக்கு கேட்பதே தவறான உத்தி. விலக்கு கிடைத்தாலும் அந்தப் பட்டியல் கோப்பில் அப்படியே நிற்கும், அதற்குப் பதில் சொல்ல ஒரு புதிய எண் இருக்காது. இருபது வருடப் பழைய மதிப்பெண்ணுக்கு மறுப்பாக வைக்கக்கூடிய ஒரு புதிய சான்று இஏ குவான்ட் மதிப்பெண். உதவித்தொகை எதிர்பார்ப்பவர்களும் விலக்கை இருமுறை யோசிக்கவேண்டும்: தகுதி அடிப்படையிலான உதவித்தொகைக்கு மதிப்பெண்ணையும் பார்க்கும் பள்ளிகள் உண்டு. வகுப்பின் சராசரியைவிட வயதிலும் அனுபவத்திலும் குறைந்தவர்களுக்கும் இதுவே பொருந்தும்.

தயாரிப்பும் மறு தேர்வும்

வாரத்துக்கு ஆறேழு மணி நேரம் ஒதுக்க முடிந்தால் ஆறு வாரம் பெரும்பாலோருக்குப் போதும். கணக்கு முற்றிலும் மறந்தவர்களுக்கு எட்டு. முதல் நாளே அதிகாரப்பூர்வ மாதிரித் தேர்வை எடுத்துத் தீர்த்துவிடாதீர்கள், அவை எண்ணிக்கையில் குறைவு. தொடக்க நிலையை அறிய இலவச மாதிரிக் கேள்விகள் போதும். முதல் மூன்று வாரம் நேரம் பார்க்காமல் பாடம், பிறகு தொகுப்பு தொகுப்பாக 15 நிமிடப் பயிற்சி, கடைசி இரண்டு வாரத்தில் முழு மாதிரித் தேர்வுகள். தவறு ஒவ்வொன்றையும் மூன்றில் ஒரு கூடையில் போடுங்கள்: பாடம் தெரியவில்லை, கேள்வியைத் தவறாகப் படித்தேன், நேரம் போதவில்லை. ஐந்தாவது வாரத்தில் நடுக் கூடை நிறைந்திருந்தால் மேலும் பாடம் படிப்பதில் பயனில்லை, கேள்வியைப் படிக்கும் வேகத்தைக் குறைக்கவேண்டும். இஏவுக்கென்றே உள்ள பயிற்சிப் பொருள் குறைவுதான், ஆனால் ஜிமேட்டின் டேட்டா சஃபிஷியன்சி, கிரிட்டிக்கல் ரீசனிங் கேள்விகள் நன்றாகவே பொருந்தும்.

பதிவு செய்யும்போது பெயர் அடையாள ஆவணத்தில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து இருக்கட்டும். வீட்டிலிருந்து எழுதுவதானால் அலுவலக மடிக்கணினியைத் தவிருங்கள். அதன் பாதுகாப்பு அமைப்புகள் தேர்வு மென்பொருளைத் தடுக்கக்கூடும். கட்டணம் ஜிமேட்டைவிடக் கூடுதல். ஆனால் எத்தனை பள்ளிகளுக்கு மதிப்பெண் அனுப்பினாலும் தனியாகப் பணம் இல்லை.

எழுதக்கூடிய தடவைகளுக்கு வரம்பு இருப்பதால் மறு தேர்வை அவசரத்தில் முடிவு செய்யாதீர்கள். 152, 153 வந்து மூன்று பகுதியும் சமமாக இருந்தால் மறுபடி எழுதுவதைவிட அந்த நேரத்தை விண்ணப்பக் கட்டுரைகளுக்கும் பரிந்துரையாளர்களுக்கும் கொடுப்பது நல்லது. 149-ல் நின்று, கோப்பு மற்றபடி வலுவாக இருந்தால், முதலில் பள்ளியின் சேர்க்கை அலுவலகத்துக்கு எழுதிக் கேளுங்கள். எக்ஸிகியூட்டிவ் படிப்புகளில் இப்படிக் கேட்பது வழக்கம், வெளிப்படையாகவே பதில் சொல்வார்கள். குவான்ட் 7-க்குக் கீழே போய், கல்லூரிப் பட்டியலும் கைகொடுக்காது என்றால் மறுபடி எழுதத்தான் வேண்டும். அப்போது அடுத்த வாரமே தேதி போடாமல், பழைய தவறுகள் எந்தக் கூடையில் விழுந்தன என்று பார்த்து, குறைந்தது நான்கு வாரம் அந்த ஒரு பகுதியில் மட்டும் உழைத்துவிட்டுப் போங்கள்.